கேட்டு வாங்கியது

சூரை மீன் நிறுக்கும் தராசில்
முதலில் ஏறியவர் இதிரீஸ் நானா.
தொண்ணூற்றாறு.
செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார்.
தொண்ணூற்றைந்தரை.
"மணிக்கூட்டையும் கழட்டட்டா?"
ஐஸ் உடைக்கும் பொடியன்கள் சிரித்தார்கள்.

என் அறுபத்துநாலை
நான் குறைத்துச் சொல்லவில்லை.
ஓட்டப்போவது நான்;
பொய் சொன்னால்
அதையும் சேர்த்துத் தூக்க வேண்டும் இறக்கை.

எல்லாம் சேர்த்து அறுநூறு கிலோ.
அதற்கு மேல் ஒரு இறாலும் கூடாது.

தாளில் அவற்றுக்கு எழுத்தும் எண்ணுமாகப் பெயர்கள்.
நாவலடி ஐஸ் வாடியில் அது வாயில் நிற்காது.
ஒன்றைக் கொக்கு என்றோம்.
ஒன்றை நீர்க்காகம்.
சின்னதை உள்ளான்.

நீர்க்காகம் இறக்கைக்கு மேல் உட்கார வைக்கும்.
தலைக்கு மேல் முழுக் கண்ணாடி.
"சித்திரை வெயிலுக்கு மூடி போட்ட புட்டுப் பானை"
என்றார் பார்த்லொட்.
பிசினில் வார்த்த உடம்பு, உப்புத் தின்னாது,
வெயில் தின்னும்,
அதனால் வெள்ளையைத் தவிர வேறு நிறம் கிடையாது.
நானா ஏறினால் பெற்றோல் இறங்க வேண்டும்.
பொத்துவிலுக்குப் போகலாம்.
திரும்பி வருவது வேறு கதை.

கொக்குக்கு இறக்கை மேலே.
வாவி முழுவதும் மடியில் விரித்தது போலத் தெரியும்.
கிறுகும்போது மட்டும்
எந்தப் பக்கம் கிறுகுகிறோமோ அந்தப் பக்கத்தை மறைக்கும்.
அலுமினியம்.
முப்பது வருடம் வள்ள எஞ்சின் பிரித்த பார்த்லொட்
தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்,
துரு மணக்கிறதா என்று பார்ப்பவர் போல.
"கிழமைக்கு ரெண்டு தரம்
நல்ல தண்ணியில குளிப்பாட்டோணும். மாட்டைப் போல."

உள்ளானில் குறை பிடிக்க முடியவில்லை.
விலை குறைவு, எடை குறைவு,
ஒரு வயல் வரம்பு நீளத்தில் எழும்பிவிடும்.
கச்சான் குறுக்கே அடித்தாலும் இறங்கும்
(கச்சான் என்று எழுதியிருக்கவில்லை,
எங்களுக்கு அப்படித்தான் வாசிக்க வந்தது).
மூன்று விரல்களும் அதன் மேல்தான் இருந்தன.

கடைசி வரி: சத்தம். ஒரு எண்.
நானா கேட்டார்,
"இதக் காதால கேட்டுப் பாக்கேலாதா?"

விற்பவனுக்கு அங்கே காலை, முற்றத்தில் பனி.
கொட்டகைக்குள் போனைப் பலகையில் வைத்து
ஒவ்வொன்றாகக் கிளப்பினான்.

நீர்க்காகம் தையல் மெஷின்.

உள்ளான்
தாழ்வாக,
தட்டித் தட்டி,
தூரத்தில் இருந்து கிட்ட வருவதாக

மீன் பெட்டி கழுவிய பவளக்கா
குழாயைப் பூட்டிவிட்டுக்
கூரையைப் பார்த்தா.
நானா எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
பார்த்லொட் விழாத பேனையை
மேசைக்கு அடியில் குனிந்து தேடினார்.
நான் வாவிப் பக்கம் இருந்த கதவு
திறந்திருக்கிறதா என்று பார்த்தேன்.
திறந்துதான் இருந்தது.

"எஞ்சின் நல்லாயிருக்கு அக்கா"
என்றான் பொடியன்களில் ஒருவன்.
அவனுக்குப் பத்தொன்பது வயது.
எஞ்சின் நல்ல எஞ்சின்தான்.

கொக்கைக் கிளப்பியபோது
முதலில் இருமியது.
மறுகா, வட்டைக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷினின்
அதே சலிப்பான பேச்சு.
யாரோ எங்கேயோ
வேளாண்மைக்குத் தண்ணி கட்டுகிறார்கள்.
பவளக்கா குழாயைத் திறந்தா.

விற்பவன் எழுதிக் கேட்டான்:
விலை கூட, எடை கூட, உப்பும் பிடிக்கும்,
பிறகு ஏன் இது?

மூன்று நாள் பதில் போடவில்லை.
அவன் ஊரில் வானம்
எதற்கெல்லாம் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் எழுதினேன்:
இருக்கை நாலு விரல் அகலம் கூட.
எங்கள் நானா பெரிய உடம்பு.
டாங்கை நிரப்பி, நானும் அவரும் ஏறி,
அவர் செருப்பைக் கழற்றி வைத்தால்
அரைக் கிலோ மிச்சம் வருகிறது.